பத்து வயசுக்குக் கீழே

2020 மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட ஊரடங்கு உத்தரவில் ஒரு வரி இருந்தது. 65 வயசு தாண்டினவர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்க வேண்டும். நோயைப் பற்றித் தெரிஞ்சவங்க எழுதின வரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருக்கும் குழந்தையோடு யார் இருப்பது? பால்வாடியை மார்ச்சிலேயே மூடியாச்சு. பாட்டி 65 தாண்டியிருந்தால் அவளும் அதே பட்டியலில். அப்பன் என்று ஒருவன் உண்டே என்றால், அவனைப் பற்றி எந்த உத்தரவு எப்போது பேசியிருக்கிறது?

எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் நகராட்சியில் ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டுகிறவர்கள். அந்த வருசம்தான் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாடே கை தட்டியது. முன்களப் பணியாளர் என்று பட்டமும் வந்தது. முன்களத்துக்குப் போனவளின் பின்களத்தில் ஒரு மூணு வயசுப் பிள்ளை இருந்ததை யாரும் கேட்கவில்லை. விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும். பக்கத்து வீட்டில் விடலாம் என்றால், "நீ எங்கெங்க குப்ப அள்ளிட்டு வர்றியோ, புள்ளைய இங்க வுடாதடி" என்று கதவைச் சாத்தினார்கள். ஊர்த்தெரு சொல்லும் பேச்சைச் சேரிக்குள்ளேயே பேச வைத்தது அந்த நோய்.

நான் வங்கியில் எழுத்தர். அத்தியாவசியப் பணி என்று எங்களையும் வரச்சொன்னார்கள். வீட்டிலிருந்து வேலை என்பது கவுன்டரில் உட்காருகிறவளுக்குக் கிடையாது. என் மகனுக்கு அப்போது நாலு வயசு. அம்மா பார்த்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை. தினமும் வீட்டுக்குள் நுழையும்போது என்ன கொண்டு வருகிறேனோ என்கிற பயத்தில் பல நாள் அவனைத் தூக்கவே இல்லை. எனக்கு மாசச் சம்பளம், விடுப்பு, சங்கம் எல்லாம் இருந்தது. அப்படியும் ராத்திரி தூக்கம் போச்சு. இது எதுவும் இல்லாதவளை நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

ஜன்தன் கணக்கு வைத்த பெண்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசம் ஆளுக்கு 500 ரூபாய் போட்டார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0, 1 என்றால் ஏப்ரல் 3, 2, 3 என்றால் 4 என்று நாள் பிரித்தார்கள். அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போடத் தெரிந்தது. வந்தவர்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்தார்கள். குழந்தையைக் கூட்டிட்டு வராதே என்று வாசலில் விரட்டினார்கள். "வூட்ல வுட்டா யாரு சார் பாக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த உத்தரவுக்கு அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை.

அப்புறம் யார்தான் பார்த்துக்கொண்டார்கள்? அக்காக்காரி. ஒன்பது வயசு, பதினோரு வயசுப் பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். பத்தொன்பது மாசத்துக்கு மேல். அந்தக் காலம் பூராவும் இந்தப் பிள்ளைகள் சோறு பொங்கினார்கள், தம்பிக்குக் கால் கழுவிவிட்டார்கள், இருக்கிற ஒரே போன் அப்பன் பையில் போய்விட பாடத்தை விட்டார்கள். இல்லம் தேடிக் கல்வி வந்தபோது சிலர் வந்து உட்கார்ந்தார்கள். வராதவர்களில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. கல்வி இழப்பு என்று எழுதுகிறோமே, அதில் பாதி இந்தப் பால்வாடி இல்லாத இழப்பு.

இதற்கு நடுவில்தான் மனநலம் என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்தது. போனில் ஆலோசனை. மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், உங்களுக்கென்று தினம் அரை மணி ஒதுக்குங்கள். கேலி செய்யவில்லை. பிள்ளை பெற்றபின் வரும் மனச்சோர்வு நிஜமான நோய், மருந்தும் மருத்துவரும் வேணும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416-ஐ நானே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவள் தெருக் கூட்டும்போது அழுதால், அவளுக்கு என்ன வியாதி? அடுப்பு அணைந்ததா, தாழ்ப்பாள் போட்டோமா என்று எட்டு மணி நேரம் நினைக்கிற மனசு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. சாவியை வாங்கிக்கொள்ள ஆள் வேணும் அவளுக்கு.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் காப்பகம் வை என்றது. 2017-ல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம் ஐம்பது பேர் இருந்தால் வை என்றது. தெருவைக் கூட்டுகிறவளுக்குத் தொழிற்சாலை எது? நகராட்சியைக் கேட்டால் ஒப்பந்தக்காரர், அவரைக் கேட்டால் நகராட்சி. நூறு நாள் வேலைக்கு 2005-ல் போட்ட சட்டத்திலோ ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் அஞ்சு பேர் வந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள வைத்து அவளுக்கும் கூலி கொடு என்று இருந்தது. வெட்டவெளி வேலைக்கு இப்படி எழுத முடியும் என்றால், நகரத்துத் தெருவுக்கு முடியாதா?

தோழர்களிடம் கொஞ்சம் சண்டை போடணும். நான் பார்த்த மாநாட்டு நோட்டீசுகளில் பஞ்சமி நிலம் இருக்கும், இடஒதுக்கீடு இருக்கும், வன்கொடுமைச் சட்டம் இருக்கும். இருக்கத்தான் வேணும். பால்வாடி இருக்காது. அது பொம்பளைங்க சமாச்சாரம், மாதர் அணி பார்த்துக்கும். அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. 1928-லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினார். வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக அவர் இருந்தபோதுதான் 1945-ல் சுரங்கங்களில் பெண் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. நம் மேடையில் அவர் படத்துக்குக் கீழே மைக் பிடிக்கிற தோழரின் பிள்ளையை அந்த நேரத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் திரும்பிப் பாருங்கள்.

கேட்க வேண்டியது சின்ன விஷயம். வார்டுக்கு ஒரு காப்பகம், காலை நாலரைக்குத் திறக்கணும், ஏனென்றால் அஞ்சு மணிக்குத் துடைப்பம் தெருவில் இருக்கணும். அங்கே பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கு மதிப்பூதியம் இல்லை, சம்பளம். அடுத்த தொற்று வந்தால் பள்ளியை மூடினாலும் அதை மூடக்கூடாது, ஆஸ்பத்திரி மாதிரி அதுவும் அத்தியாவசியம். குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு நகராட்சி டெண்டர் விடும்போது இதையும் நிபந்தனையாக எழுதச் சொல்லி, டெண்டர் திறக்கும் நாளில் பிள்ளைகளோடு போய் அந்த அலுவலகத்தில் உட்காரலாம். எங்கள் தெருப் பெண்கள் ரெடி. மாணவர் தோழர்கள் அன்றைக்குப் பேச வரவேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ள வரட்டும்.