சூரியனுக்கு யார் வாரிசு?

தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, வாட்ஸ்அப்பில் ரோமாபுரி பிறந்துவிடும். ரோமானியரின் சூரியக் கடவுள் நம் பொங்கலிலிருந்து போனவர்தான் என்று இந்த ஆண்டும் ஒரு செய்தி சுற்றியது. கேம்பல் லேனில் பானை வாங்கும்போது நண்பர் ஒருவர் அதை வாசித்தே காட்டினார். ஆதாரம்? அவர்களுக்கு டிசம்பர் 25, நமக்குத் தை ஒன்று. இரண்டும் சூரியன் வடக்கே திரும்பும் நாள். அங்கேயும் தேர், இங்கேயும் தேர். எகிப்தின் ராவும் ஜப்பானின் அமத்தெராசும்கூட நம்ம வீட்டுப் பிள்ளைகளாம்.

ரா போவது படகில். அமத்தெராசு பெண் தெய்வம். டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்பதற்குக் கிடைக்கும் பழைய சான்று 354ஆம் ஆண்டின் ஒரு நாட்காட்டி. "அடிப்படை ஒன்றுதானே" என்றார் நண்பர். இருக்கட்டும். தலைக்கு மேல் தினமும் எரிகிற ஒன்றைக் கும்பிட எவனும் இன்னொரு ஊருக்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு: கும்பிட்டது யார், எதற்காக?

பழைய ரோமிலும் சோல் என்ற சூரியன் உண்டு. பெரிய ஆள் இல்லை. 218இல் பேரரசனான எலகாபாலுஸ், சிரியாவின் எமெசாவிலிருந்து தன் ஊர்ச் சாமியைக் கருங்கல் வடிவிலேயே கொண்டுவந்து எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே வைத்தான். 222இல் அவனைக் கொன்றார்கள். கல் ஊர் திரும்பியது. அரை நூற்றாண்டு கழித்து அவுரேலியன் வந்தான். பல்மைராவை அடக்கிவிட்டு, வெல்லப்படாத சூரியனுக்கு 274இல் ரோமில் கோயில் எடுத்தான். பேரரசின் தலைவன் சூரியனே என்று காசில் பொறித்தான். உடைந்துகொண்டிருந்த பேரரசை ஒட்டவைக்க அவனுக்கு ஒரு பசை தேவைப்பட்டது.

நம் பக்கமும் இதற்குச் சளைத்ததில்லை. சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது. அங்கே ஞாயிற்றுக்கு உவமை சோழனின் ஆணைச் சக்கரம். ஒற்றுமை தேடுபவர்கள் இங்கே தேடலாம். அரசர்கள் எல்லா ஊரிலும் சூரியனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

கொடுக்கல் வாங்கலே இல்லையா என்றால், உண்டு. திசைதான் நண்பருக்குப் பிடிக்காது. வட இந்தியப் பழஞ்சிற்பங்களில் சூரியன் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு நிற்கிறார். மத்திய ஆசியக் குளிருக்கான உடுப்பு. தெற்கே வந்ததும் கழற்றிவிட்டார், பாவம். ஏழு கோள்களின் பெயரில் ஓடும் வாரமும் கிரேக்க, ரோமானிய உலகிலிருந்து இந்தியாவுக்கு வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை என்பதில் ஞாயிறு நல்ல தமிழ். கிழமைக் கணக்கு வந்த சரக்கு.

அந்த நாளை ஓய்வுநாள் ஆக்கியது கான்ஸ்டன்டைன், 321இல். நீதிபதிகளும் நகரத்தாரும் கைவினைஞரும் ஓய்வெடுக்கட்டும். உழவன் மட்டும் வேலை பார்க்கலாம், பருவம் தப்பினால் விளைச்சல் போய்விடும் என்றது சட்டம். சூரியன் பெயரில் விடுமுறை, வெயிலில் நிற்பவனுக்கு மட்டும் விலக்கு!

பொங்கல் அந்த விடுபட்டவனின் பண்டிகை. முற்றத்தில் அடுப்பு, பூசாரி வேண்டாம், எந்த அரசன் பெயரும் வேண்டாம். முதல் நாள் சூரியனுக்கு, அடுத்த நாள் மாட்டுக்கு. இதை உலகின் மூத்த சூரிய மதம் என்று தூக்கிப் பேரரசுகளின் வரிசையில் நிறுத்துகிறவர்கள், பொங்கலை உயர்த்துவதாக நினைத்து அவுரேலியனின் கோயில் வாசலில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. சூரியன் வடக்கே திரும்பினாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசமில்லை. ஆனால் வெயில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் குறியீடு 33 டிகிரியைத் தொட்டால், வெயிலில் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 15 நிமிட ஓய்வு என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. அப்படி வேலை பார்க்கிறவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஞாயிறு மாலை தேக்காவில், புல்தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நண்பரே, அடுத்த வாரம் வாருங்கள், சேர்ந்தே போவோம். அந்தச் செய்தியை அங்கே வாசித்துக் காட்டுங்கள்.