கையைப் பார்த்தோம், மனதைக் கேட்கவில்லை

பொன்முடிக்குப் போகிற வழியில் கல்லாற்றில் இறங்காதவர்கள் நம்மில் குறைவு. ஆற்றில் கால் நனைப்போம், மீன்முட்டி அருவிக்கு வழி கேட்போம், 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுவோம். அந்தக் கல்லாறு ஊரைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருடைய மூலிகை அறிவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். அங்கே கை நடுங்கும் ஒரு முதியவர் என்ன ஆகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. திருவனந்தபுரத்தில் வசதியாக வாழும் நம் எல்லோருக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு.

1817-ல் இந்த நடுக்க நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதினார். மருத்துவம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. பார்க்கின்சன் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்காவது மனச்சோர்வு வருகிறது; சிலருக்கு நடுக்கம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. மூளையில் டோபமைன் குறைவதால் கை மட்டுமா தடுமாறும்? நாம்தான் 1817-லேயே நிற்கிறோம்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். இந்த நோயில் முகத்தசை இறுகும், குரல் தேயும். உள்ளே அழுகிறவரின் முகத்திலும் அது தெரியாது. "எதுக்கெடுத்தாலும் உம்முன்னு உட்கார்ந்திருக்கார்" என்று கடிந்துகொண்டோம். பிறகு "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். இந்த நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட வெறியைக் கிளப்பும். 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் மாநிலம் இது. முக்குக்கு முக்கு சீட்டு கிடைக்கும். காசு கரைந்தபோது பெரியவரைத் திட்டினோம், மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்க்கவில்லை. இல்லாத ஆளைப் பார்த்து அவர் பேசியபோது மந்திரித்துக் கயிறு கட்டினோம். இன்னும் மோசம், மனப்பிரமைக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் மேலும் விறைத்துப்போகும் என்பது தெரியாமல், கிடைத்த மாத்திரையைக் கொடுத்தோம்.

நகரத்தில் இருப்பவர் இந்தத் தவறுகளிலிருந்து தப்பிக்க வழி உண்டு. ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊளம்பாறையில் மனநல மையம் இருக்கிறது. காசிருந்தால் தனியார் ஆலோசகரும் உண்டு. கல்லாற்றுக்காரர் விதுரா, நெடுமங்காடு வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். காலையில் போட்ட லெவோடோபா மாத்திரையின் வேகம் வழியிலேயே தீர்ந்தால், பஸ் படியில் கால் ஒட்டிக்கொள்ளும்; பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் இறங்குங்க" என்பார்கள், நெஞ்சு படபடக்கும். கூட வரும் மகளுக்கு அன்றைய கூலி போச்சு. நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்குள் மதியமாகிவிடும். மனநல மருத்துவருக்கு வேறு இடம், வேறு நாள். அந்த இன்னொரு நாள் பெரும்பாலும் வருவதே இல்லை. நடுக்கத்துக்கான மாத்திரையோடு ஊர் திரும்புகிறார், மனசுக்கு ஒன்றுமில்லை.

சட்டத்தில் குறையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனைப் பட்டியலில் சேர்த்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. இரண்டையும் தலைப்புச் செய்தியாகப் படித்தோம். மலையடிவாரத்தில் அந்த உரிமை எந்தக் கட்டடத்தில், எந்தக் கிழமையில் கிடைக்கும் என்று எந்தக் கூட்டத்திலும் நாம் கேட்கவில்லை. நம் வீட்டுப் பெரியவருக்கு டாக்டர் கிடைத்துவிட்டார். அதோடு நம் அக்கறை தீர்ந்தது.

செய்வதற்கு வழி இல்லாமலும் இல்லை. வீடு தேடி வரும் பாலியேட்டிவ் நர்ஸ்கள் கேரளத்தின் பெருமை. படுக்கைப் புண்ணைப் பார்க்கும் அதே வருகையில் மனச்சோர்வையும் விசாரிக்கப் பயிற்சி கொடுக்கலாம். நரம்பியலும் மனநலமும் ஒரே நாளில், ஒரே இடத்தில், மாதம் ஒருமுறையாவது விதுரா அளவில் நடக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது. அது முதல் பேச்சுக்கு உதவும், நேரில் பார்க்கும் மருத்துவருக்கு ஈடாகாது. இதையெல்லாம் கிராம சபையில் கேட்க வேண்டியவர்கள் கல்லாற்றுக்காரர்கள் மட்டும் அல்லர். நாமும் எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தெரிந்தவர் யாருக்காவது இந்த நோய் இருந்தால், மாத்திரை போட்டாச்சா என்று கேட்ட கையோடு, "தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பதில் மெதுவாகத்தான் வரும். பொறுத்திருந்து கேட்டு, எழுதிவைத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்.