டிவி முன்னால் நீங்கள் பேசும் பேச்சு

பல்லடத்துப் பெற்றோரே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதையில் ஒரு பையன் இன்னொரு பையனை விரும்புகிறான், அல்லது பெண்ணாக வாழ ஆசைப்படுகிறான். உடனே ஏன் அப்படிப் பதறுகிறீர்கள்? “கருமம், மாத்துடா அதை” என்கிறார் அப்பா. “இதையெல்லாமா வூட்டுக்குள்ள காட்டுவாங்க” என்கிறார் அம்மா. அப்பத்தா தன் பங்குக்கு ஒரு வசவைச் சேர்க்கிறார். சேனல் மாறிவிடுகிறது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை வாயே திறப்பதில்லை.

ஆனால் அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக்குத் தன்னைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தால் என்ன பதில் வரும் என்று அதற்கு இன்றைக்கே தெரிந்துவிட்டது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஆகாது என்பீர்கள். 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய ‘தங்கம்’ எந்த ஊர்க் கதை? 1980களின் தொடக்கத்தில், கோவைப் பக்கத்துக் கிராமம். பேச்சும் நம் பேச்சு. காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தாரை ஊர் ஆண்பிள்ளை என்கிறது; அவளோ பெண்ணாக வாழ ஆசைப்பட்டு, ஆபரேஷனுக்குக் காசு சேர்க்கிறாள். அந்தக் காசைத்தான் கூடப்பிறந்தவளும் தான் ஆசைப்பட்டவனும் ஊரைவிட்டுப் போய்ப் பிழைக்கட்டும் என்று எடுத்துக் கொடுக்கிறாள். கடைசியில் சீரழிக்கப்பட்டு வந்து நிற்கும் அவளுக்குப் பெற்ற வீட்டின் கதவே திறக்கவில்லை. அதைப் பார்த்து நம்மில் பல பேர் அழுதோம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவில் நடை கொஞ்சம் நளினமாக இருக்கும் பையனுக்குப் பட்டப்பேர் வைக்கிறோம். அந்தக் கண்ணீருக்கு என்ன மரியாதை?

பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சை முதலில் விடுங்கள். கல்கி சுப்பிரமணியம் பொள்ளாச்சிக்காரர். இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடும் தூரம். 2011இல் வந்த ‘நர்த்தகி’ படத்தில் திருநங்கையின் பாத்திரத்தை ஒரு திருநங்கையாகவே நின்று நடித்தார். அவர் பொள்ளாச்சியில் வளர்ந்த நாளில் எந்த சீரியலைப் பார்த்து அப்படி ஆனார்? திரையில் அன்றைக்கு இருந்ததெல்லாம் கேலிதான். கேலியைப் பார்த்து வளர்ந்தும் அவர் அவராகத்தான் இருந்தார்.

அந்தக் கேலிக்கு மட்டும் நாம் சேனல் மாற்றியதே இல்லை. 2015 பொங்கலுக்கு வந்த ‘ஐ’ படத்தில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தை வைத்து அடித்த கிண்டலுக்குத் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நாம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினோம். பிள்ளைக்கு ஆகாது என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. விஜய் டிவியில் மகாபாரதம் ஓடியபோது சிகண்டியைப் பார்த்தோம், அர்ஜுனனாக நடித்த ஷாஹீர் ஷேக் பிருகன்னளையாகப் பெண்ணுடையில் வந்ததையும் பார்த்தோம். அப்பத்தாவே கூட உட்கார்ந்து கதை சொன்னார். சாமி கதையில் வந்தால் கும்பிடத் தெரிகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையாக வந்தால் ரிமோட்டைத் தேடுகிறீர்கள். இது நியாயம்தானா?

நடிக்கிறவர்களையும் நாம் விட்டுவைப்பதில்லை. அப்படி ஒரு பாத்திரத்தில் ஒரு பையன் நடித்தால், நடிப்பு எப்படி என்று யாரும் பேசுவதில்லை; “நெசத்துலயும் அவன் அப்படித்தானோ” என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரில் நடித்த கிட் கானர் இருக்கிறார். இருபாலரையும் விரும்பும் பள்ளிக்கூடத்துப் பையனாக நடித்தார். நீ யார், நீ யார் என்று துளைத்தெடுத்தார்கள். 2022 அக்டோபர் கடைசியில், பதினெட்டு வயதில், ஆமாம் நானும் அப்படித்தான் என்று எழுதினார். ஒரு பதினெட்டு வயதுக்காரனைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்துவிட்டீர்களே என்ற வேதனையையும் சேர்த்து எழுதினார். இத்தனைக்கும் துளைத்தவர்கள் அந்தத் தொடரைக் கொண்டாடியவர்கள். பள்ளி ஆண்டு விழாவில் பெண் வேஷம் கட்டிய பையனை அடுத்த வருஷம் முழுக்க அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடும் நம் பிள்ளைகள் அதை எங்கே கற்றார்கள் என்று யோசியுங்கள்.

தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக மைத்ரேயி ராமகிருஷ்ணன் நடித்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை வீட்டில் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதில் அவளுடைய தோழி ஃபாபியோலாவுக்குப் பெண்கள் மேல்தான் விருப்பம். அதை அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது தான் செய்த ரோபோவிடம். அம்மாவிடம் சொல்ல அத்தனை பயம். அவளுடைய அம்மா நல்லவர், ஏற்றுக்கொண்டார். ஆனாலும் ஒரு பிள்ளை பெற்றவளுக்கு முன்னால் இயந்திரத்தை நம்புகிறது என்பது என் மனதைவிட்டுப் போகவே இல்லை.

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை, படித்தவர்கள் என்று சொல்லும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ‘காதல் என்பது பொதுவுடமை’ படத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் வந்தது. முற்போக்கான அம்மாவாக ரோகிணி. மகள் லிஜோமோள், தான் விரும்புகிறவரை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். வந்து நிற்பது ஒரு பெண். அந்த அம்மா படித்த படிப்பெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

கதையை விட்டு வெளியே வாருங்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் வழக்கு வந்தது. அவரைப் பெற்றவர்களே வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்து, அடித்து, ‘சரியாக்க’ச் சடங்கெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணே நீதிபதிகளிடம் சொன்னார். அவர் விரும்பிய பெண்ணோடு போகலாம் என்று தீர்ப்பானது. பெற்றவர்களுக்கு மகள் கிடைக்கவில்லை. கோயில் கோயிலாக இழுத்துப் போய்க் கயிறு கட்டினாலும், மாற்றித் தருகிறேன் என்கிற டாக்டரிடம் பணத்தைக் கொட்டினாலும் உங்களுக்கும் அதுதான் மிஞ்சும். அப்படி மாற்றும் சிகிச்சையை நீதிமன்றம் 2021லேயே தடுத்துவிட்டது.

அந்த 2021 வழக்கை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் புறப்பட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதி மாணவராக உட்கார்ந்தார். தறியையும் கோழிப்பண்ணையையும் பார்த்துக்கொண்டு நமக்கு நேரமில்லை என்று சொல்ல என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு துணையாக நிற்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு மார்க் கேட்க மட்டும் போகாதீர்கள். வகுப்பில் ஒரு பையனைப் பட்டப்பேர் வைத்துக் கூப்பிட்டால் டீச்சர் தடுப்பாரா, அவரும் சேர்ந்து சிரிப்பாரா என்று கேளுங்கள். இதைப் பற்றிப் பேச ஒரு உளவியலாளரை எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போவோம். நானும் வருகிறேன்.