வெறுங்கையோடு நிற்கும் வேளை



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உழுதுண்டு வாழும் நம் குடும்பங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் நம்பிக்கையின் மாதங்கள். அச்சத்தின் மாதங்களும் அவையே. மழை பொய்த்தால் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வறண்டு கிடக்கும்; மிஞ்சினால் நட்ட பயிர் நீருக்குள் அழுகும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. அந்த ஈரம் காயுமுன்னே சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரத்துப் பாகூர்ச் சிற்றூர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் சாய்த்த தென்னைகளின் நினைவு மாறாத மக்கள், மீண்டும் ஒருமுறை வரப்பின்மேல் வெறுங்கையோடு நின்றனர்.

இத்தகைய வேளையில் உள்ளத்தில் எழும் கேள்வி எளிதானதன்று. "விதை நெல்லுக்காக நகையை அடகு வைத்தோம். வேளை தவறாமல் நாற்று விட்டோம், நட்டோம், களை பறித்தோம். ஞாயிறு பூசையையும் தவறவிட்டதில்லை. நாங்கள் செய்யவேண்டியதில் எதைச் செய்யாமல் விட்டோம்?" என்று ஓர் உழவர் கேட்டால், அவருக்கு விரைந்து விடை சொல்ல முற்படுவது அறிவீனம். "ஆண்டவர்மேல் பாரத்தைப் போடு" என்று சொல்லிவிட்டு நம் வழியே நடப்பது அதனினும் கொடிது. ஆண்டவரை நம்பியிருத்தல் என்றால் என்ன என்பதை முதலில் நாம் தெளிவாக உணர்தல் வேண்டும்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஆசியாவில் தமக்கு நேர்ந்த துன்பம் தம் ஆற்றலுக்கு மிஞ்சியதாக இருந்ததென்றும், உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்றென்றும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். திருச்சபையின் தூணாகிய அப்போஸ்தலர், தாம் மனமுடைந்து போனதைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஆகவே துயரில் கலங்குவது விசுவாசக் குறைவு என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொள்ளும் பழக்கத்தை நாம் விட்டொழிப்போமாக.

அத்துன்பத்தால் விளைந்த பயனையும் அவரே கூறுகிறார். தம்மீது நம்பிக்கை வையாமல், இறந்தோரை எழுப்பும் இறைவன்மீது நம்பிக்கை வைக்கக் கற்றுக்கொண்டாராம். 'இழப்பே வராமல் காக்கும் இறைவன்' என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். மரணம் வரும், இழப்பு வரும். அதற்கு அப்பாலும் இறைவனின் கரம் நீளும் என்பதே அவருடைய நம்பிக்கை. அடுத்த வரியிலேயே, தமக்காகச் செபிக்கும்படி கொரிந்து மக்களை அவர் வேண்டுகிறார். இறைவனைச் சார்ந்து நிற்பவர், தம் சகோதரரைச் சார்ந்து நிற்கவும் கூசுவதில்லை.

நம் மண்ணின் வரலாறு இவ்வுண்மைக்கு ஒரு சான்று தருகிறது. 1876-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லி நடுங்கிய கொடும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டியது. மாண்டோர் பல இலட்சம். தானியம் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதுமென்று ஆங்கில அரசின் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் கூலியைக் குறைத்தார். அது உயிர்வாழப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். வயிற்றுப் பசி விரட்ட, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கடல்கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்களும் உண்டு.

அப்பஞ்சத்தின் நடுவிலேதான், 1877-இல், வில்லியனூரில் லூர்து அன்னையின் திருவுருவம் நிறுவப்பட்டது. பிரான்சு நாட்டின் லூர்து நகரில் அன்னை காட்சி தந்த 1858-ஆம் ஆண்டிலிருந்து 19 ஆண்டுகளே கடந்திருந்தன. அந்த அன்னையின் முன் மண்டியிட்டோர் யாவரும் கேட்டதைப் பெற்றனர் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து செபமாலை சொன்ன தாய்மாரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். மழையை விலை பேச அவர்கள் வரவில்லை. மகனைச் சிலுவையடியில் இழந்த தாயொருத்தி தங்கள் துயரை அறிவாள் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. 1886-இல் லவுவெனான் ஆண்டகை அத்திருவுருவத்திற்கு முடிசூட்டியபோது, பஞ்சத்தைக் கடந்துவந்த தலைமுறை அதனைக் கண்டது.

அந்நாள்களில் பசியோடு மறைபரப்பாளர்களை நாடிவந்து கஞ்சியும் அடைக்கலமும் பெற்று, பின்பு திருமுழுக்கும் பெற்ற ஏழைகள் ஆயிரமாயிரம். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற கூலி மக்கள். 'வயிற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்று அவர்களை எள்ளியவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நாம் அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. ஊதாரி மைந்தன் தந்தையின் வீட்டை நினைத்தது எப்போது? பன்றித் தவிட்டுக்கும் வழியின்றிப் பசித்தபோது. 'பசிதானே உன்னை இங்கே கொண்டுவந்தது?' என்று அத்தந்தை வாசலில் நிறுத்திக் கேட்டாரா? ஓடிச்சென்று கட்டித் தழுவினார். வெறுங்கையோடு வருவதே அவரிடம் வரும் வழிகளுள் நேரானது. நிறைந்த கையோடு இருக்கையில் நாம் அவரைத் தேடுவது அரிது என்பதையும் ஒப்புக்கொள்வோமே!

இனி, இறைவனைச் சார்ந்திருத்தல் எது அன்று என்பதையும் சொல்லிவிடுவோம்.

அது கைகட்டிச் சும்மா இருத்தல் அன்று. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் தென்பெண்ணை நீரால்தான் பாகூர் ஏரி நிறைகிறது. மழையைத் தருபவர் இறைவன். வாய்க்காலைத் தூர் வாரவேண்டியவர் நாம். மதகைப் பழுது பார்ப்பதும், பயிர்க் காப்பீட்டுக்கு உரிய நாளில் பதிவு செய்வதும், இழப்பு நேர்ந்தபின் அரசு தரும் நிவாரணத்தைக் கேட்டுப் பெறுவதும் விசுவாசத்துக்கு முரணானவை அல்ல. உழைத்து முடித்தபின் விளைவைத் தம் கையிலேயே இறுகப் பிடித்துக்கொண்டு உறக்கம் கெடுவதே தன்னை நம்பியிருத்தல்.

அது பேரம் பேசுதலும் அன்று. "இந்தப் போகம் தப்பினால் இன்ன காணிக்கை" என்று நேர்ந்துகொள்வதில் பக்தி இருக்கலாம். போகம் தப்பவில்லையெனில் கோவில் வாசலை மிதிக்கமாட்டேன் என்பதில் பக்தி இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆயினும் தந்தையின் கையை அவர் விடவில்லை.

அது துயரை மூடி மறைத்தலும் அன்று. கடன்சுமையை மனைவியிடம் சொல்லாமல் சாராயக் கடையில் கரைக்க முயலும் கணவர் எத்தனை பேர்! இராயப்பரை நினைத்துப் பாருங்கள். அவர் மீனவர், நீந்தத் தெரிந்தவர், பின்னொரு நாள் உயிர்த்த ஆண்டவரைக் கரையில் கண்டதும் கடலில் குதித்தவர். எனினும் புயற்காற்றைக் கண்டு மூழ்கத் தொடங்கிய அந்நேரத்தில் தம் நீச்சலை அவர் நம்பவில்லை, வாய்விட்டுக் கூவினார். ஆண்டவரும் உடனே கை நீட்டினார். கூவுவது இழுக்கன்று. வாழ்வே வெறுத்துப்போனதாகத் தோன்றினால் வீட்டாரிடமும், பங்குக் குருவிடமும், தேவையெனில் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவர்கள் நீட்டும் கை ஆண்டவருடைய கையே.

அந்தக் கையாக நாமும் ஆகவேண்டும். பயிர் அழிந்தால் சாகுபடி செய்தவருக்கு நிவாரணத் தொகை என ஏதேனும் கிடைக்கும்; நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலிப்பெண்ணுக்கு அழிந்துபோன வேலை நாள்களுக்கு யார் ஈடு தருவார்? அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது அன்பியத்தின் கடமை, வின்சென்ட் தே பவுல் சபையின் கடமை, அண்டை வீட்டார் கடமை. தம் துயர் நீங்கியபின் எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைதோறும் காணிக்கை திரட்டியவர் சின்னப்பர். இறைவனைச் சார்ந்து பிழைத்தவர், பிறர் சார்ந்து நிற்கத் தோள் தருவார்.

இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலை வேளையில் விளக்கேற்றி அமர்ந்து, வீட்டில் உள்ள கவலையைக் கணவன், மனைவி, பிள்ளைகள் என அனைவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்பு ஒரு செபமாலை சொல்லுங்கள். இறுதியில், "ஆண்டவரே, எங்களால் இயன்றதைச் செய்தோம், இயலாததையும் எங்களையும் உம் கையில் வைக்கிறோம்" என்று கூறி நிம்மதியாய் உறங்கச் செல்லுங்கள். விடிந்ததும் வரப்புக்குப் போகலாம். அங்கே நமக்குமுன் அவர் நிற்பார்.