வெறும் வயிறும் டி.பி. மாத்திரையும்

மாத்திரையை முழுங்கிட்டா வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கறோம். இல்லை மக்களே. அது வயித்துல கரையணும், குடல் அதை உறிஞ்சணும், ரத்தத்துல போதிய அளவு சேரணும். அப்புறம்தான் கிருமியோட சண்டையே! இந்த நடுவழிப் பயணத்தைச் சீராக்கத்தான் மெதுவாகக் கரையும் மாத்திரை, நானோ துகள், மாசக்கணக்கில் வேலை செய்யும் ஊசின்னு விஞ்ஞானிகள் புகுந்து விளையாடறாங்க. சந்தோஷம். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: இதெல்லாம் யாருக்காக?

எங்க திருவள்ளூர் மாவட்டத்துக்கும் டி.பி.க்கும் பழைய தொடர்பு உண்டு. 1999-ல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் (இப்போ தேசிய நிறுவனம்) டாட்ஸ் சிகிச்சையை இங்கேதான் மாதிரித் திட்டமா நடத்திப் பார்த்தது. குணமானவங்களைத் தொடர்ந்து கவனிச்சப்போ நூத்துக்குச் சுமார் 12 பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது. மருந்தை ஒழுங்கா எடுக்காதது அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

"ஒழுங்கா எடுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க. அங்கேதான் சிக்கல்.

டி.பி. சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். சாப்பாட்டோடு போட்டா இது சரியா ரத்தத்துல ஏறாது. அதனால வெறும் வயித்துல போடச் சொல்றாங்க. இன்னொரு கூத்து, கூடவே கொடுக்கும் ஐசோநையாசிட், வயித்து அமிலத்துல ரிஃபாம்பிசின் சிதையறதை வேகப்படுத்துது. ஆனா 2017-லிருந்து நாடு முழுக்கத் தினசரி கொடுக்கறது ரெண்டும் ஒண்ணா இருக்கும் கூட்டு மாத்திரைதான். 50 கிலோ எடை தாண்டின ஆளுக்கு ஒரு வேளைக்கு நாலு. அப்படி ஆறு மாசம்!

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒப்பந்தத் தொழிலாளி. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். விடிகாலை பஸ்ஸுக்கு ஓடும்போது வெறும் வயித்துல நாலு மாத்திரை போட்டா, மெஷின் முன்னாடி நிக்கும்போது குமட்டல். வாந்தி எடுத்தா சூப்பர்வைசர் முறைப்பார். நோய் விஷயம் தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம் வேற. "காலை ஷிப்ட் அன்னைக்கு மட்டும் விட்டுடறேன்ணே"ன்னார். திட்டவா முடியும்? (குமட்டினா டாக்டரைக் கேட்டு லேசா ஏதாவது சாப்பிட்டுப் போடலாம், நிறுத்த மட்டும் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன்.)

இப்ப உலகத்தைப் பாருங்க. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க வருஷத்துக்கு ரெண்டே ஊசி போதும்னு லெனகாபவிர் மருந்துக்கு 2025-ல் அமெரிக்காவுல அனுமதி கொடுத்துட்டாங்க. அருமையான சாதனை. ஆனா 1965-ல் உருவான ரிஃபாம்பிசினை நாம இன்னும் கைநிறைய அள்ளி முழுங்கிட்டிருக்கோம். ஒரே மாத்திரைக்குள்ள ஒரு மருந்து வயித்துலயும் இன்னொண்ணு குடல்லயும் கரையற மாதிரி செய்யலாம்னு ஆய்வுகள் வந்து வருஷக்கணக்காச்சு. அது அரசு மருந்துப் பொட்டலத்துக்கு வந்து சேரலை. ஏன்? டி.பி. பெரும்பாலும் ஏழைங்க நோய். லாபம் பார்க்கிற முதலீடு அங்கே ஏன் வரப்போகுது?

அதனால இது அரசாங்கம் காசு போட்டுச் செய்ய வேண்டிய வேலைங்கறது என் கட்சி. நமக்குத் தெம்பும் இருக்கு. டி.பி. வந்தா சானடோரியத்துல படுத்தே ஆகணும்னு உலகமே நம்பின காலத்துல, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும்னு 1959-ல் நிரூபிச்சது இதே சென்னை மையம்தான். நோயாளியின் வாழ்க்கைக்கு ஏத்தபடி சிகிச்சையை மாத்தினாங்க, நோயாளியை இல்லை. அடுத்த படி மாத்திரையையே மாத்தறது. ஷிப்டுக்கு ஓடுறவர் வயித்துலயும் ஒழுங்கா வேலை செய்யுற மாத்திரை வேணும்.

"ஒழுக்கம்தான் முக்கியம்"னு வாதாட வர்ற மருத்துவப் பதிவர்களே, பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. வாங்க, பேசுவோம்.