விலையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

பாலக்கோட்டுக்காரனான நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்களுக்கு அடக்க விலை கணக்கிடும் பொறியாளர். சப்ளையரிடம் பேரம் பேசுவதல்ல இந்த வேலை. தகடு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, பிரஸ்ஸில் எத்தனை நொடி, டை எத்தனை உருப்படிக்குத் தாங்கும் என்று பிரித்து, நியாயமான விலையைச் சொல்ல வேண்டும். 1940களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் லாரன்ஸ் மைல்ஸ் தொடங்கிய மதிப்புப் பொறியியலின் வழிவந்தது இது.

பாலக்கோட்டைப் போலவே 2004 வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். இன்றும் நம் பிள்ளைகள் வேலை தேடி அங்கேதான் பஸ் ஏறிப் போகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பது டிசைன் அல்லது சாஃப்ட்வேர் வேலை; அடக்க விலைக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 இயந்திரவியல் பாடத்திட்டத்திலேயே செலவு மதிப்பீடு இருந்தது. அதைத் தேர்வோடு விடாமல் கல்லூரிகள் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பி, தங்கைகளே, எக்செல் பிறகு பழகலாம். முதலில் மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்.