வீடு விற்றாச்சு... வளர்த்த நாய் எங்கே போகும்? சட்டம் சொல்வது என்ன, செய்ய வேண்டியது என்ன?

திண்டுக்கல்லில் சொந்த வீட்டை விற்கப் போகிறவர்கள் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, மின் இணைப்புப் பெயர் மாற்றம். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கிணறு வரும், போர்வெல் வரும், தென்னை மரம்கூட வரும். வாசலில் கட்டியிருக்கும் நாய் மட்டும் எதிலும் வராது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் கோவையிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார்கள். பெற்றோருக்கு வயதாகிவிடும். முற்றமும் மரமும் உள்ள வீட்டைக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் போக முடிவாகும். "அங்க நாயெல்லாம் விட மாட்டாங்களாம்" என்ற ஒரே வார்த்தையில் பத்து வருஷம் காவல் இருந்த நாயின் கதை முடிந்துவிடுகிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரில், பூட்டிய கேட்டுக்கு வெளியே அது நிற்கும்.

நிஜமாவே விட மாட்டாங்களா?

இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-ம் தேதியே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவு எடுத்தாலும் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது. நாய் என்பதற்காக லிஃப்ட்டை மறுக்கக் கூடாது, அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கக் கூடாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும், இப்படித் தடை விதிக்கும் சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வாடகை வீடு வேறு கதை. அங்கே வீட்டு உரிமையாளரோடு போடும் ஒப்பந்தம்தான் பேசும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலேயே "ஒரு நாய் வளர்க்க அனுமதி உண்டு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாம் சார்" என்றதை நம்பிப் போனவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் முதல் புகார் கொடுக்கும் நாளில்தான் கஷ்டம் தெரியும்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அங்கே வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப் பொருத்தி, மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். உரிமம் இல்லையென்றால் அபராதம் 5,000 ரூபாய்.

விட்டுட்டுப் போனா என்ன தண்டனை?

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி, தகுந்த காரணமில்லாமல் வளர்ப்புப் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஆமாம், ஐம்பது ரூபாய். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிகூட வராது. அபராதத்தை உயர்த்தும் வரைவு மசோதா 2022-ல் வெளியானது, சட்டமாகவில்லை.

அதனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயைக் கூட்டிப் போகப் போவதில்லை. ஆனால் "தெருவுல யாராவது சோறு போடுவாங்க" என்ற சமாதானமும் முன்பு போலச் செல்லுபடியாகாது. தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ல் பிறப்பித்த உத்தரவில், பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுக் காப்பகத்துக்கு மாற்றச் சொன்னது. பிடித்த இடத்திலேயே திரும்ப விடவும் கூடாது என்றது. வீட்டை இழந்த நாய் சோறு தேடிப் போவது பெரும்பாலும் இந்த மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் 2024-ல் சுமார் 4.80 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள், 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். கைவிடப்பட்ட நாய்க்கு அடுத்த வருஷத் தடுப்பூசியைப் போட யாரும் இல்லை.

எப்போ யோசிக்கணும்?

சாமான் கட்டும்போது இல்லை, அட்வான்ஸ் வாங்கும்போதே. பத்திரம் பதிந்த அன்றே சாவி கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். அதற்குப் பதிலாக, பதிவுக்குப் பிறகு பத்து இருபது நாள் கழித்துக் காலி செய்வதாகக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் முதலில் சாமான், பிறகு நாய் என்று நிதானமாக மாற்றலாம்.

வீடு பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டு வைக்கலாம். குரைக்கிற நாய்க்குப் பயந்து பின்கட்டைப் பார்க்காமல் போனவர் திரும்பி வருவது சந்தேகம்தான். இன்னொன்று உண்ணி. அது நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பில் ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் கட்டிய இடத்தில் வெடிப்புகளைப் பூசி, மருந்தடித்த பிறகே வீட்டைக் காட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம்.

ரயிலில் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் ஸ்லீப்பர், 3 ஏசி, 2 ஏசி பெட்டிகளில் நாய்க்கு அனுமதி இல்லை. ஃபர்ஸ்ட் ஏசியில் இரண்டு பேர் கூபேயையோ நான்கு பேர் கேபினையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. திண்டுக்கல்லில் நின்று போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஃபர்ஸ்ட் ஏசி உண்டு. எப்படிப் போனாலும் கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கையில் வேண்டும். டிக்கெட் மட்டும் போதாது, பார்சல் ஆபீஸில் நாய்க்குத் தனியாக புக் செய்ய வேண்டும்.

பழநி வழியாகக் கோவைக்கு என்றால் காரே சுலபம். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கொடுக்காமல், தண்ணீர் மட்டும் கொடுத்தால் வாந்தி குறையும். சாமான் வண்டியில் பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் கட்டி அனுப்புவது ஆபத்து. ஒரு பிரேக்கில் சாமான் சரிந்தால் போச்சு.

பூனைக்கு வேறு கணக்கு. அது ஆளைவிட இடத்தோடு ஒட்டுகிற பிராணி. புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். உள்ளூருக்குள்ளேயே வீடு மாறினால் விட்ட உடனே பழைய வீட்டு மதில் ஏறிவிடும். வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லி, போன் நம்பர் கொடுத்து வைப்பது நல்லது.

கூட்டிட்டுப் போகவே முடியலைன்னா?

அப்படியும் நிலைமை வரும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு நாய்கள் ஓடுவதற்கு இடம் கேட்பவை, மாடி வீட்டில் அடைந்து கிடக்காது. ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் காவலுக்கு நாய் தேடுவது உண்டு. ஆனால் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வருவது சரியில்லை. இரண்டு மூன்று முறை நாயோடு அந்தத் தோட்டத்துக்குப் போய், அங்கே இருப்பவர் கையால் சோறு போடவைத்துப் பழக்க வேண்டும். கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, அந்த அட்டையையும் அது படுக்கிற பழைய சாக்கையும் சேர்த்துக் கொடுத்தால் நாய் சீக்கிரம் பழகும்.